கையெழுத்துப் போடுவதற்கு முன்: சோலாருக்கு நிலம் குத்தகை விடுவது பற்றி

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தரப்படுகிறது.)



எனக்கு மேடைப் பேச்சு வராது. முப்பது வருடங்களுக்கு மேல் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். கணக்கு கொஞ்சம் வரும், பத்திரம் படிக்க வரும். அந்த அளவில்தான் பேசப்போகிறேன்.

கடந்த ஆறு மாதத்தில் நம் கட்டிடத்தில் நாலைந்து பேர் லிஃப்டிலும் மொட்டை மாடியிலும் என்னை நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், ஊர்ல புஞ்சை சும்மா கிடக்கு. சோலார் போட லீசுக்குக் கேக்குறாங்க. குடுக்கலாமா?" தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் ஒன்றாகச் சொல்லிவிடலாம் என்று செயலாளர் சொன்னார். நியாயம்தான்.

நம்மில் பெரும்பாலோர் கதை ஒன்றுதான். காரைக்குடியில் பிளாட். கல்லல் பக்கமோ, தேவகோட்டை பக்கமோ, இளையான்குடி பக்கமோ அப்பா வழியில் வந்த சில ஏக்கர் மானாவாரி. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். நிலத்தில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும். விற்க மனம் வராது, விவசாயம் பார்க்க ஆள் கிடையாது. அந்த நேரத்தில் ஒருவர் பைக்கில் வந்து, "ஏக்கருக்கு வருசா வருசம் இவ்வளவு தருகிறோம், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்றால் காதில் தேன் பாய்ந்த மாதிரிதான் இருக்கும். எனக்கும் இருந்தது. காளையார்கோவில் பக்கம் எங்கள் அப்பாவின் ஒன்பது ஏக்கருக்கும் அப்படி ஒருவர் வந்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சோலார் கூடாது என்று நான் சொல்லவில்லை. வெயில் நமக்குக் குறைவே இல்லாத சொத்து. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் ஓடுகிறது. 2016 செப்டம்பரில் அதைத் தொடங்கியபோது, ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது என்று பேசப்பட்டது. சுமார் 2,500 ஏக்கர், இருபத்தைந்து லட்சம் பேனல்கள். அங்கே நிலம் விலைக்கு வாங்கப்பட்டது. விற்றவர் பணத்தை வாங்கினார், உறவு முடிந்தது. குத்தகை அப்படி இல்லை. நிலம் நம் பெயரில்தான் இருக்கும், அனுபவம் இன்னொருவருடையது. அந்த உறவு இருபத்தைந்து, முப்பது வருடம் நீளும். எனக்கு இப்போது 66 வயது. நான் இன்று போடும் கையெழுத்து முடியும்போது எனக்குத் தொண்ணூறு தாண்டியிருக்கும். முடிவைப் பார்க்கப் போகிறவர்கள் என் பேரப்பிள்ளைகள்தான்.

குத்தகை முறையில் பெரிய அளவில் நடந்த உதாரணம் வேண்டுமானால் கர்நாடகாவைப் பார்க்க வேண்டும். தும்கூர் மாவட்டத்தில் பாவகடா என்று ஒரு தாலுகா. நம்மைவிட வறட்சி. அங்கே ஐந்து கிராமங்களில் சுமார் 13,000 ஏக்கரை விவசாயிகளிடமிருந்து விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடுத்து, 2,050 மெகாவாட் சோலார் பூங்கா அமைத்தார்கள். 2018-இல் முதல் பகுதி தொடங்கி, 2019 கடைசியில் முழுமையானது. குத்தகைக்கு எடுத்தது ஒரு அரசு சார்ந்த நிறுவனம். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு, காலம் 28 ஆண்டு. மழையை நம்பிக் கடலை போட்டுக் கடனாளியான பல குடும்பங்களுக்கு அது நிலையான வருமானம். அதை மறுக்க முடியாது. அதே சமயம், சொந்த நிலம் இல்லாமல் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்களுக்கும், ஆடு மேய்த்தவர்களுக்கும் வாடகை கிடைக்கவில்லை. வேலையும் மேய்ச்சலும் போயின. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இப்போது என் வேலைக்கு வருகிறேன். அந்த 21,000 ரூபாய்க் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

முதல் இரண்டு ஆண்டு 21,000. மூன்றாம் ஆண்டு 22,050. இப்படியே உயர்ந்து 27, 28-ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 39,600 ஆகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு ஆண்டுக்கு 5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு இரண்டரை சதவீதம்கூட முழுதாக இல்லை. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்று 21,000-க்கு வாங்கும் சாமானுக்கு 27-ஆம் ஆண்டில் சுமார் 74,700 கொடுக்க வேண்டும். நம் கையில் வரும் 39,600-இன் மதிப்பு இன்றைய பணத்தில் 11,100 ரூபாய்தான். வாடகை ஏறிக்கொண்டே போவது போலத் தெரியும், உண்மையில் பாதியாகக் குறைந்திருக்கும்.

இதையே "இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை" என்பதற்குப் பதிலாக "ஆண்டுதோறும் 5 சதவீதம்" என்று எழுதியிருந்தால்? முதல் முறையில் 28 ஆண்டில் ஏக்கருக்கு வரும் மொத்தம் 8 லட்சத்து 23 ஆயிரம். இரண்டாவது முறையில் 12 லட்சத்து 26 ஆயிரம். ஒரு வரி மாறினால் ஏக்கருக்கு நான்கு லட்சம் வித்தியாசம். நாம் எல்லோரும் முதல் வருட வாடகைக்குத்தான் பேரம் பேசுகிறோம். ஆயிரம், இரண்டாயிரம் கூட்டிக் கேட்டு வாங்கிவிட்டால் ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிறோம். உயர்வு விகிதத்துக்குப் பேரம் பேசுங்கள். பணம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து, பத்திரம். நான் பார்த்த மாதிரிப் பத்திரங்களில் கவனிக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஒன்று, வாடகை எந்த நாளிலிருந்து? "வணிக உற்பத்தி தொடங்கும் நாளிலிருந்து" என்று எழுதியிருப்பார்கள். உற்பத்தி தொடங்க மூன்று வருடம் ஆகலாம், தொடங்காமலே போகலாம். அதுவரை நிலம் அவர்களிடம் கட்டுண்டு கிடக்கும். நீங்கள் விற்கவும் முடியாது, விதைக்கவும் முடியாது. கையெழுத்தான நாளிலிருந்து, குறைந்தபட்சம் நிலத்தை ஒப்படைத்த நாளிலிருந்து வாடகை வர வேண்டும்.

இரண்டு, யார் எப்போது வெளியேறலாம்? கம்பெனி மூன்று மாத நோட்டீஸில் போகலாம், நில உரிமையாளர் முப்பது வருடமும் போக முடியாது என்று இருக்கும். வங்கிக் கடன் வாங்கிக் கோடிக்கணக்கில் போடுகிறவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது புரிகிறது. அப்படியானால் இத்தனை மாதம் வாடகை பாக்கி விழுந்தால் குத்தகை ரத்து என்ற பாதுகாப்பு நமக்கும் வேண்டும். அது தெளிவாக எழுத்தில் இருக்க வேண்டும்.

மூன்று, கைமாற்றும் உரிமை. சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882-இன்படி, பத்திரத்தில் தடை எழுதாவிட்டால் குத்தகைதாரர் தன் உரிமையை வேறொருவருக்கு மாற்றலாம், உள்குத்தகையும் விடலாம். இன்று நல்ல பெயருள்ள கம்பெனியோடு கையெழுத்திட்டு, ஐந்து வருடம் கழித்து பெயரே கேள்விப்படாத ஒருவரிடம் வாடகைக்கு நிற்க நேரலாம். மாற்றினால் முன்கூட்டி எழுத்தில் தெரிவிக்க வேண்டும், பழைய பாக்கிக்குப் புதியவர் பொறுப்பு என்று எழுதுங்கள்.

நான்கு, இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மூலப்பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். கம்பெனி தன் குத்தகை உரிமையை வங்கியில் ஈடு வைத்துக் கடன் வாங்கும். அது சட்டப்படி சரி. ஆனால் உங்கள் நிலத்தை ஈடு வைக்கும் உரிமை அவர்களுக்குக் கிடையாது. கடனுக்காக மூலப்பத்திரத்தை வங்கியில் ஒப்படைப்பதே ஒரு வகை அடமானம். நான் கடன் பிரிவில் இருந்தபோது ஒரு பெரியவர் வருவார். சொந்தக்காரர் தொழிலுக்காகப் பத்திரத்தைக் கொடுத்து, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டவர். தொழில் நொடித்துப் போய் நோட்டீஸ் வந்த அன்று, "நான் கடனே வாங்கலையே தம்பி" என்று என் கவுன்டர் முன்னால் நின்றார். அவர் போட்ட கையெழுத்தை அவருக்கே காட்ட வேண்டிய வேலை என்னுடையது. இன்றும் மறக்கவில்லை. நகல் கொடுங்கள், அசலைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். ஜாமீன்தாரர் என்ற இடத்தில் கையெழுத்தே வேண்டாம்.

ஐந்து, பதிவு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி நோட்டரி முத்திரை குத்தினால் அது பதிவு ஆகாது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கம்பெனியின் செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த அலுவலகத்துக்குப் போகும் முன் நீங்களே வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பட்டா, புல வரைபடம் இரண்டும் நிலத்தோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். பத்திரத்தில் அப்பா பெயர், பட்டாவில் தாத்தா பெயர், அனுபவத்தில் சித்தப்பா என்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

ஆறு, முடிவு. பேனலின் ஆயுள் சுமார் 25 ஆண்டு. அதற்குப் பிறகு கண்ணாடி, இரும்புத் தூண், கான்கிரீட் அடித்தளம் எல்லாவற்றையும் யார் அகற்றுவது? மத்திய அரசின் மின்னணுக் கழிவு விதிகள், 2022, சோலார் பேனலையும் கழிவுக் கணக்கில் கொண்டுவந்துவிட்டன. அந்த விதியின் பொறுப்பு பேனல் உற்பத்தியாளர் மீது. நம் நிலத்தைச் சுத்தமாகத் திருப்பித் தரும் பொறுப்பைப் பத்திரம்தான் தர வேண்டும். அகற்றும் செலவுக்கு ஒரு வங்கி உத்தரவாதம் கேளுங்கள். அன்றைக்கு அந்தக் கம்பெனி இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

ஏழு, வரி. புஞ்சை நிலம்தானே, விவசாய வருமானம், வரி இல்லை என்று ஏஜென்ட் சொல்வார். தவறு. நிலத்தில் விவசாயம் நடந்தால்தான் அதன் வாடகை விவசாய வருமானம். பேனல் விவசாயம் ஆகாது. வரிக்கு உட்பட்ட இதர வருமானத்தில் சேரும். வரம்பைத் தாண்டினால் நில வாடகையில் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பென்ஷன் வாங்குகிறவர்கள் இதைச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

சிறு நிலம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 2019-இல் மத்திய அரசு கொண்டுவந்த பிஎம்-குசும் திட்டத்தின் முதல் பிரிவில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான சிறு நிலையங்களைத் தரிசு நிலத்தில் அமைக்கலாம். துணை மின் நிலையத்துக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலத்துக்கு முன்னுரிமை. நாமே அமைக்கலாம், அல்லது அமைப்பவருக்குக் குத்தகை விடலாம். வாடகையை ஏக்கருக்கு இவ்வளவு என்றும் வைக்கலாம், உற்பத்தியாகும் யூனிட்டுக்கு இவ்வளவு என்றும் வைக்கலாம். மின்வாரியமே வாடகையை நேரடியாக நில உரிமையாளர் கணக்கில் போடவும் அந்த விதிமுறையில் இடம் உண்டு. இது நமக்குப் பெரிய பாதுகாப்பு. ஏஜென்ட் சொல்லும்போது, "இது எந்தத் திட்டம்? மின்சாரத்தை யாருக்கு விற்கிறீர்கள்? ஒப்பந்தம் ஆகிவிட்டதா?" என்று கேளுங்கள். பதில் இல்லாதவரிடம் நிலத்தைக் கட்டிவைத்துப் பயனில்லை. அதைவிட, "அனுமதிக் கட்டணம் நீங்கள் முதலில் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். வாடகை தருகிறவர் நம்மிடம் பணம் கேட்க மாட்டார். செல்போன் டவர் வைக்கிறோம் என்று சொல்லி ஊரை ஏமாற்றிய கதை நமக்குத் தெரியாததா?

இப்போது எங்கள் ஒன்பது ஏக்கர்.

ஏஜென்ட் கொண்டுவந்த வரைவுப் பத்திரத்தில் நாங்கள் மூன்று அண்ணன் தம்பிகள் பெயர் மட்டும் இருந்தது. தங்கை பெயர் இல்லை. தம்பி சொன்னார், "கல்யாணத்துக்கே எல்லாம் செஞ்சாச்சு. அதுவும் கேக்காது. எதுக்கு இழுத்துக்கிட்டு?" அப்பா உயில் எழுதவில்லை. அது அவர் சொந்தமாக வாங்கிய நிலம். தங்கைக்கும் எங்களைப் போலவே கால் பங்கு உண்டு. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அந்தப் பெயர் இல்லாமல் பதிந்தால், இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள் அது பிள்ளைகளுக்கு இடையே வழக்காகும். முப்பது வருடக் குத்தகையில் அது நிச்சயம்.

நான் தங்கைக்குப் போன் செய்தேன். சங்கடமாகத்தான் இருந்தது, இத்தனை வருடம் அந்த நிலத்தைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் கேட்ட முதல் கேள்வி பணத்தைப் பற்றியது அல்ல. "அண்ணே, அங்க கடலை போடுறாரே, அவரு எங்க போவாரு?" என்றாள்.

எங்கள் கிணற்றை ஒட்டிய மூன்று ஏக்கரில் அப்பா காலத்திலிருந்து ஒரு குடும்பம் பாடுபடுகிறது. மழை பெய்த வருடம் ஒரு மூட்டை கடலை கொண்டுவந்து தருவார்கள். பெய்யாத வருடம் நாங்கள் கேட்டதில்லை. தரிசு என்று நாங்கள் ஏஜென்டிடம் சொன்ன நிலத்தில் அவர்களுடைய இருபது ஆடு மேய்கிறது. அவர்களை நாங்கள் மூவரும் மறந்தே போயிருந்தோம். சட்டப்படியும் அது சின்ன விஷயம் அல்ல. சாகுபடிக் குத்தகைதாரர்களுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் 1955 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. "காலி நிலம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் நாளை பொய் சொன்னவர்கள் நாங்கள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நால்வரும் நிலத்துக்குப் போனோம். அந்தப் பெரியவர் எங்களைக் கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டினார். வடக்கு ஓரத்தில் ஒரு ஓடை. மழைக்காலத்தில் அதன் வழியாகத்தான் கண்மாய்க்குத் தண்ணீர் போகிறது என்றார். ஏஜென்ட் வைத்திருந்த வரைபடத்தில் அந்த இடத்தில் வேலி போட்டிருந்தார்கள், மேடு பள்ளத்தைச் சமப்படுத்துவதாகவும் இருந்தது. அந்த வரத்துக்காலை மூடினால் எங்களுக்கு வாடகை வரும், ஊருக்குக் கண்மாய் நிறையாது. நம் சீமையில் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வழியை அடைத்தவன் பெயர் எத்தனை தலைமுறைக்கு நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

நாங்கள் ஐந்து நிபந்தனை எழுதிக் கொடுத்தோம். நால்வர் பெயரும் வர வேண்டும். கிணற்றோடு மூன்று ஏக்கர் குத்தகையில் சேராது. ஓடைக்கு இருபுறமும் இடம் விட வேண்டும், மண் தள்ளக் கூடாது. உயர்வு ஆண்டுதோறும் 5 சதவீதம். அகற்றும் செலவுக்கு வங்கி உத்தரவாதம். இதில் நால்வர் பெயரையும் ஓடையையும் உடனே ஒப்புக்கொண்டார்கள். உயர்வு நான்கு சதவீதம் என்று இறங்கி வந்திருக்கிறார்கள். உத்தரவாதமும் மூன்று ஏக்கரும்தான் இழுபறி. முழு ஒன்பது ஏக்கர் இல்லாவிட்டால் கட்டுப்படியாகாது என்கிறார்கள். தம்பிக்கு என்மேல் வருத்தம். "வர்ற லட்சுமியை விரட்டுறீங்க" என்கிறார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அவருக்கு மகள் கல்யாணம் வருகிறது. நாங்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மூன்று ஏக்கரை விட்டுக்கொடுப்பதாக இல்லை என்பதில் மட்டும் நானும் தங்கையும் உறுதியாக இருக்கிறோம்.

காரைக்குடிக்காரர்களுக்கு நிலம் கொடுப்பது புதிதல்ல. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வருவதற்காக வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். அது தானம். நாம் செய்வது வியாபாரம், அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கொடுத்தது யாருக்கு, எதற்கு என்று தெரிந்து கொடுத்தார். வியாபாரம் செய்கிற நாம் அதைவிடக் கூடுதலாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே, உங்களிடம் யாராவது வரைவுப் பத்திரம் கொடுத்தால் அவசரப்படாதீர்கள். "நாளைக்கே முன்பணம், இல்லாவிட்டால் பக்கத்து நிலத்துக்குப் போய்விடுவோம்" என்றால் போகட்டும் என்று விடுங்கள். பங்காளிகள் அத்தனை பேரையும், முக்கியமாக அக்கா தங்கைகளை, கேளுங்கள். ஒரு முறை நிலத்துக்கு நேரில் போய், இப்போது அதில் யார் இருக்கிறார்கள், தண்ணீர் எந்த வழி போகிறது என்று பாருங்கள். பிறகு சொத்து வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீலிடம் பணம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். முப்பது வருடத்துக்கான பத்திரத்துக்கு அந்தச் செலவு பெரிதல்ல.

அதற்கு முன்னால் கணக்கு மட்டும் போட்டுப் பார்க்க வேண்டுமானால் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் சங்க அறையில் இருப்பேன். கால்குலேட்டர் என்னிடம் இருக்கிறது. பத்திரத்தின் நகலை மட்டும் கொண்டுவாருங்கள். அசல் வீட்டு பீரோவிலேயே இருக்கட்டும்.